சென்னை வெள்ளத்துல நின்ன எஸ்யூவி நம்ம ஊருக்கு விலைக்கு வருது, உஷார்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய எஸ்யூவி தேடறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் குடுங்க.

பெருந்துறையில இருக்கற எங்க மச்சான் கோவையில ஒரு ஆட்டோ கன்சல்டிங்ல 2019 மாடல் டீசல் வண்டி எடுத்தார். டிஎன் 14, சோழிங்கநல்லூர் ரிஜிஸ்ட்ரேஷன். "டாக்டர் ஓட்டுனதுங்ணா, சிங்கிள் ஓனர், ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்"னு விக்கறவர் சொன்னார். அரசோட எம்பரிவாகன் ஆப்லயும் ஓனர் ஒருத்தர்தான், லோன் பாக்கி இல்லை. பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு.

மழைக்காலம் தொடங்குனதும் ஏர்பேக் லைட் எரிஞ்சது அணையவே இல்லை. பவர் விண்டோ தானா இறங்குச்சு. அப்புறம் தாராபுரம் ரோட்டுல, புள்ளைங்க உள்ள இருக்க, ஓடிட்டு இருந்த வண்டி அப்படியே ஆஃப் ஆயிருச்சு. பின்னால லோடு லாரி. அதை நினைச்சா இன்னும் ஆத்திரம் அடங்கலை.

பல்லடத்து எலக்ட்ரீசியன் பானெட்டைத் தொடவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். வெளிய தெரியற பாதி புதுசாட்டம். உள்ள சுருண்டு கிடந்த பாதியில சேத்துக் கறை. கார்பெட்டைத் தூக்குனா காஞ்ச வண்டல், வயரிங் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. சீட் ரெயில் போல்ட்டுல துரு மேலயே கறுப்பு பெயிண்ட்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நின்ன வண்டி அது. எஸ்யூவி உசரம், தண்ணி ஏறாதுன்னு நம்மாளுங்க நினைக்கறாங்க. பேஸ்மென்ட் பார்க்கிங்ல தண்ணி நிறைஞ்சா உசரமாவது ஒண்ணாவது! நம்ம பக்கம் வெள்ளம் அபூர்வம்கறதால இதை யாரும் பாக்கறதும் இல்லை. அதுதான் விக்கறவங்களுக்கு வசதி.

பழைய இன்சூரன்ஸ் பாலிசி காப்பி கேளுங்க, ஒரு வருஷத்துது மட்டும் போதாது. க்ளெய்ம் பண்ணாத வண்டிக்கு நோ க்ளெய்ம் போனஸ்ங்கற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறிட்டே போகும். எங்க வண்டிக்கு 2023 பாலிசியில 45, அடுத்ததுல பூஜ்யம், அப்படின்னா நடுவுல க்ளெய்ம் பண்ணியிருக்காங்க. இந்தப் பழைய காப்பியைக் கன்சல்டிங்ல கடைசி வரைக்கும் காட்டலை. ஆர்சியில இருந்த முதல் ஓனரைத் தேடிப் பிடிச்சு வாங்குனோம். அந்த மனுஷன் மறைக்காமக் குடுத்தார், வெள்ளத்துல நின்னதையும் சொன்னார். அவரு டாக்டரும் இல்லை.

ஸ்டெப்னி வைக்கற குழியைத் துணியைத் தூக்கிப் பாருங்க. உள்ள சென்ட் வாசம் தூக்கலா அடிச்சா, கண்ணாடியை ஏத்தி ஏசியை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உக்காருங்க, புழுங்கல் நாத்தம் மேல வரும். 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி டீலர் ஆர்டிஓ அங்கீகாரம் வாங்கியிருக்கணும். அந்தச் சான்றிதழையும் கேளுங்க.

கன்சல்டிங்காரங்க, "எடுக்கும்போது ஓடுச்சுல்ல"ன்னு கையை விரிச்சுட்டாங்க. 1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல புகார் குடுத்தாச்சு. வாங்குன ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நாம குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும். மச்சான் ஈரோட்டுல போட்டிருக்கார். இதே மாதிரி ஏமாந்தவங்க பில், பாலிசி, வண்டி போட்டோ எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க.