ஏஎச்ஐ 2தான், ஆனாலும் அசதி

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் நோய் எனக்கு. அதற்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பித் தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும் சிபாப் இயந்திரத்தோடு மூன்றாவது ஆண்டாகக் குடித்தனம் நடத்துகிறேன். குறட்டை முதல் இரவே நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கோ பகல் அசதி போகவே இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், கணினித் திரையில் இருக்கும் கணக்கைப் பார்த்தபடியே கண் சொக்கிவிடும். இயந்திரத்தை விற்றவரிடம் முறையிட்டேன். திரையில் ஏஎச்ஐ 2 என்று இருந்தது. “ரிப்போர்ட் அருமையாக இருக்கிறதே சார்” என்று முடித்துவிட்டார்.

ஏஎச்ஐ என்பது மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண்ணிக்கை. 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தொட்டால் கடுமை. தூக்கப் பரிசோதனையில் எனக்கு வந்தது 42. அது 2 ஆனது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாஸ்க் முகத்தில் இருக்கும் நேரத்தை மட்டுமே இயந்திரம் கணக்கில் எடுக்கிறது. நானோ விடியற்காலை மூன்று மணிவாக்கில், பாதித் தூக்கத்தில், அதைக் கழற்றிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுகிற ஆள். காலையில் நினைவுகூட இருக்காது.

கூட்டிப் பாருங்கள். மாஸ்க்கோடு நான்கு மணி நேரம், மணிக்கு 2. மாஸ்க் இல்லாமல் இரண்டரை மணி நேரம், மணிக்கு பழைய 42. ஆக மொத்தம் 113. ஆறரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 17-க்கு மேல். நடுத்தர நோய் என்று மருத்துவர்கள் வகைப்படுத்தும் அளவு அது. போதாக்குறைக்கு, கனவுகள் மிகுந்த ரெம் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் நீளமாக வரும். தசைகள் தளர்ந்து தொண்டை அடைபடுவதும் பலருக்கு அப்போதுதான் கூடும். அந்த நேரம் பார்த்துத்தான் என் மாஸ்க் தரையில் கிடந்தது.

ஏன் கழற்றுகிறேன் என்பதற்கு விடை இயந்திரத்தின் மெமரி கார்டில் இருந்தது. ஆஸ்கார் என்றொரு இலவச மென்பொருள் அதைப் படித்து இரவு முழுவதையும் வரைபடமாகக் காட்டும். மாஸ்க்கிலிருந்து காற்று கசிவதைக் காட்டும் கோடு நள்ளிரவு வரை தரையோடு தரையாகக் கிடந்தது. பிறகு மேடு மேடாக எழும்பி, மூன்று மணியோடு எல்லாக் கோடுகளும் அறுந்துபோயின. என் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அது மிகையான கசிவு. எனக்கு அது சர்வசாதாரணமாகத் தாண்டியது. மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினால் உள்ளே போகும் காற்று வாய் வழியாக வெளியே வராமல் என்ன செய்யும்? காலையில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறினேன். அதில் வேறு தொல்லை. மூக்குத்தண்டின் ஓரத்தில் காற்று விசில் அடித்துக்கொண்டு கண்ணுக்குள் போகும். பட்டையை இழுத்து இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடிந்து கசிவு கூடும், கன்னத்தில் தழும்புதான் மிச்சம். படுத்த பிறகு, காற்று ஓடும்போதே, மாஸ்க்கைச் சற்றுத் தூக்கி மறுபடி உட்காரவைப்பதுதான் வழி. மீசையையும் கத்தரிக்கவேண்டியதாயிற்று. (மனைவிக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.)

காற்றழுத்தத்தின் கதை தனி. வாங்கிய நாளிலிருந்து இயந்திரம் 4 முதல் 20 வரை (அளவு சென்டிமீட்டர் நீரில்) தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அகலமான எல்லையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 4 என்பது எனக்கு மூச்சுமுட்டும் அளவு. அடைப்பு வந்த பிறகு அது மெல்ல மெல்ல ஏறுவதற்குள் தூக்கம் கலைந்துவிடும். மருத்துவர் வரைபடத்தைப் பார்த்துக் கீழ் எல்லையை 8 ஆக்கினார். அதற்குப் பிறகு பல இரவுகளில் மாஸ்க் விடியும்வரை முகத்திலேயே இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் அசதி ஒட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டில் குறையில்லை, வைட்டமின் பி12 மட்டும் குறைவு, 200-க்குக் கீழே. சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவன் நான், சைவமும்கூட. இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. ஊசி போட்ட பிறகு கால் மரத்துப்போவது நின்றது, அசதியும் ஓரளவு தணிந்தது.

பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. மொத்தம் 24 மதிப்பெண், 10-ஐத் தாண்டினால் மிகை. 17-இல் இருந்த நான் இப்போது 9. சிகிச்சை சரியாக நடந்தும் சிலருக்குத் தூக்கக் கலக்கம் மிஞ்சுமாம். மோடஃபினில் போன்ற மாத்திரைகள் அதற்கு உண்டு. கசிவு, நேரம், ரத்தம் மூன்றையும் சரிபார்க்காமல் அதை எழுதமாட்டேன் என்றார் என் மருத்துவர். எனக்கு அது தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் மட்டும் தொடர்கிறது, அதுவும் மாஸ்க்கோடு. கரண்டு போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டர் இணைப்பும் படுக்கையறைக்குக் கொடுத்தாகிவிட்டது.