கோ-ஆப்டெக்ஸ் துண்டு, லுங்கி, பெட்ஷீட்: காசு யாருக்குப் போகுதுன்னு பாத்து வாங்குறவங்களுக்கு ஒரு ரிவியூ

எக்மோர் பாந்தியன் ரோடு கோ-ஆப்டெக்ஸ்ல வாங்குன ஈரிழைத் துண்டு, கட்டம் போட்ட லுங்கி, சென்னிமலை பெட்ஷீட் மூணும் எங்க வீட்ல நல்லா அடிபட்டு உழைச்சிட்டு இருக்கு, அதான் தைரியமா எழுதுறேன். பட்டுச்சேலை பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க, நான் சொல்லப்போறது தினம் துவைக்கிற துணி பத்தி.

துண்டுதான் மூணுலயும் பெஸ்ட். டர்க்கி டவல் மாதிரி மொத்தமா இருக்காது, மெல்லிசுதான், ஆனா தலை துவட்டுனா தண்ணிய அப்படியே இழுத்துக்கும், எங்க காலாடிப்பேட்டை கடல் காத்து ஈரத்துலயும் கொடியில போட்டா சீக்கிரம் காஞ்சிடும், மழைக்காலத்துல டர்க்கி டவல்ல வருமே ஒரு வாடை அது இதுல இல்ல. புதுசுல கஞ்சியோட மொடமொடன்னு இருக்கும், தண்ணி உறிஞ்சாது, ரெண்டு மூணு துவையல் போகட்டும், அப்புறம் பாருங்க. லுங்கியும் துவைக்கத் துவைக்க மெத்துன்னு ஆகுது, வெயில் நாள்ல இடுப்புல கட்டுனதே தெரியலன்னு வீட்டுக்காரர் சொல்றார். கைத்தறி கலர் துணி எதுவா இருந்தாலும் முதல் தடவை உப்புத் தண்ணியில தனியா அலசிடுங்க. பெட்ஷீட் நல்ல கனம், விரிக்கவும் ஆகுது போத்திக்கவும் ஆகுது.

விலை? பிளாட்பாரத்துல கிடைக்கிறத விட கூடத்தான். எங்க அத்தை பில்லைப் பாத்துட்டு "இன்னாம்மா, ஒரு துண்டுக்கு இவ்ளோ துட்டா"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், அதுக்குத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

நெசவாளர் கூட்டுறவு சங்கம் நூல் குடுக்கும், வீட்லயே தறி போட்டு நெய்வாங்க, ஒருத்தர் தறியில உக்காந்தா இன்னொருத்தர் தார் (குறுக்கு நூல் கண்டு) சுத்தணும், பாவு (நீள நூல்) ஓட்ட, இழை முடிய இன்னும் ஆள் வேணும், கூலி மட்டும் நெய்ஞ்சு முடிச்ச துணிக்குத்தான். அந்த சங்கங்க கிட்ட இருந்து வாங்கி விக்கத்தான் 1935ல கோ-ஆப்டெக்ஸ் ஆரம்பிச்சாங்க. சங்கத்துல சேராத நெசவாளி தனியார் முதலாளி கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டு, அவர் சொன்ன கூலிக்கு நெய்ய வேண்டியதா போயிடுது. நம்ம காசு எந்தப் பக்கம் போகுதுங்கிறது கடை வாசல்லயே முடிவாகிடுது.

ஃபேர் டிரேட்னா, அதாவது செஞ்சவங்களுக்கு நியாயமான விலை குடுத்து வாங்குறதுன்னா, ஏதோ வெளிநாட்டு சாக்லேட், காபி சமாச்சாரம்னு நினைக்கிறோம். 1988ல நெதர்லாந்துல காபிக்குத்தான் முதல்ல ஃபேர் டிரேட் முத்திரை வந்துச்சு, உண்மைதான். மார்க்கெட் விலை விழுந்தாலும் விவசாயிக்கு இதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு ஒரு விலை, அதுக்கு மேல ஊர்ப் பொதுக் காரியத்துக்குன்னு தனியா ஒரு தொகை, அத எதுக்கு செலவு பண்ணலாம்னு அவங்களே கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க, இதுதான் அதோட அடிப்படை. கோ-ஆப்டெக்ஸ் துணியில அந்த முத்திரை இருக்குன்னு நான் சொல்லல. ஆனா செஞ்சவங்களோட சங்கத்து கிட்ட வாங்குறதுதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு கைக்கு எட்டுற வழி. கோ-ஆப்டெக்ஸ்ல சேலை சிலதுல நெய்ஞ்சவர் போட்டோவும் பேரும் போட்ட அட்டையே வச்சிருப்பாங்க.

வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோட்ல ஒரு கடையில கைத்தறி லுங்கின்னு சொல்லி எடுத்துப் போட்டாங்க. கைத்தறி முத்திரை எங்கண்ணேன்னு கேட்டேன், "எல்லாம் ஒண்ணுதாம்மா, கட்டுனா யாருக்குத் தெரியப்போகுது"ன்னாரு. எனக்கு அப்படி ஒரு கோவம். மிஷின்ல ஓடுற விசைத்தறி துணிய விசைத்தறின்னு சொல்லி வித்தா யாரும் கேக்கப்போறதில்ல, கைத்தறின்னு சொல்லி வித்தா அது ஒரு நெசவாளியோட கூலிய அடிச்சுப் பிடுங்குறது தானே. புடவை, வேட்டி, துண்டு, லுங்கி, பெட்ஷீட், ஜமக்காளம்னு 11 ரகத்துல குறிப்பிட்ட வகைங்கள கைத்தறியில மட்டும்தான் நெய்யணும்னு 1985லயே சட்டம் இருக்கு. வாங்கும்போது கரை ஓரத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, ஊசி குத்துன மாதிரி பொடிப்பொடி ஓட்டை வரிசையா தெரியும், தறியில துணி சுருங்காம இழுத்துப் பிடிக்க மாட்டுற குச்சியோட முள்ளுத் தடம் அது. அத மட்டும் நம்பிடாதீங்க, 2006ல இருந்து கைத்தறி முத்திரை லேபிள் இருக்கு, அதையும் கேளுங்க. கேக்குறதுக்குக் காசா பணமா.

நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல. காலாடிப்பேட்டையே 1717-20ல கவர்னரா இருந்த ஜோசப் காலெட் நெசவாளிங்கள குடி வச்ச ஊரு. கூலிக்காக 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் கட்டுனது பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளிங்க. அந்த ஊர்க்காரங்க நாம துணி வாங்கும்போது கூலி பத்தி கேக்கலன்னா வேற யார் கேப்பா?

எல்லாத்தையும் இப்படி வாங்க முடியாது, எங்க பட்ஜெட்டும் தாங்காது, அதனால கிழிஞ்சு மாத்த வேண்டியத மட்டும் ஒண்ணொண்ணா மாத்துறோம். தேன் வேணும்னா நீலகிரி பழங்குடி மக்கள் எடுக்குறத கோத்தகிரியில இருந்து லாஸ்ட் ஃபாரஸ்ட்னு ஒரு அமைப்பு விக்குது, கருப்பட்டிய பனைத் தொழிலாளர் சங்கம் மூலமா வாங்கலாம், காசிமேட்டுல கூடை வச்சு விக்கிற அக்கா கிட்ட பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டாம இருக்கலாம்.

தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, கூட்டமும் அப்பதான். என்னைக் கேட்டா சும்மா நாள்லயும் போங்க, சரக்கு நகர்ந்தாதான் சங்கத்துக்கு அடுத்த ஆர்டர், தறிக்கும் வேலை. வீட்ல விசேஷம்னா தாம்பூலத்தோட பிளாஸ்டிக் டப்பா குடுக்குறதுக்கு பதிலா சின்ன துண்டா மொத்தமா எடுத்துக் குடுக்கலாம், வாங்கிட்டுப் போறவங்க நிஜமாவே யூஸ் பண்ணுவாங்க. காலாடிப்பேட்டைல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறுனா அடுத்த ஸ்டேஷனே எக்மோர், அங்க இருந்து ஆட்டோ பிடிச்சா சீக்கிரம் போயிடலாம்.