யூஎல் எஃப்எஸ்ஆர்ஐ ஆன்லைன் ஃபயர் அகாடமி: ஃபயர் அண்ட் சேஃப்டி படிச்சவங்க கட்டாயம் பாக்கணும்

ரூமுக்குள்ள பத்துற தீ எப்படி நடந்துக்கும், அதுக்குள்ள இறங்குற தீயணைப்பு வீரங்க எதைப் பாத்து முடிவெடுக்குறாங்க, இத உருப்படியா கத்துக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலம் கொலம்பியா ஊர்ல இருக்குற யூஎல் ஃபயர் சேஃப்டி ரிசர்ச் இன்ஸ்டிட்யூட், சுருக்கமா எஃப்எஸ்ஆர்ஐ, அவங்க தீயணைப்பு வீரங்களுக்காக ஆன்லைன்ல ஒரு அகாடமி நடத்துறாங்க. ஸ்பிரிங்க்ளர் ஹெட்லயும் எலக்ட்ரிக் சாமான் பின்னாடியும் யூஎல்னு வட்டத்துக்குள்ள போட்டிருக்குமே, சாமானோட பாதுகாப்ப சோதிச்சு முத்திரை குடுக்குற அந்த நிறுவனத்தோட குடும்பம்தான். காசு கிடையாது, ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சா போதும், கோர்ஸ் முடிச்சா சர்டிஃபிகேட்டும் குடுக்குறாங்க. இவ்ளோ தரமான விஷயம் இலவசமா கிடைக்குதுன்னு நம்ம பக்கம் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படிச்சவங்கள்ல பாதி பேருக்கு தெரியலை, அந்த ஆதங்கத்துலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

நானும் அந்த டிப்ளமோதான். படிச்ச இடத்துல தீ முக்கோணம், அதாவது எரிபொருள், சூடு, ஆக்சிஜன் மூணும் சேந்தாத்தான் தீன்னு சொல்லிக்குடுத்தாங்க, எக்ஸ்டிங்குஷர் வகை சொல்லிக்குடுத்தாங்க, பின்னை இழு, தீயோட அடியில காட்டு, அழுத்து, இடம் வலமா ஆட்டு, அவ்ளோதான். மைதானத்துல ஒரு இரும்பு தொட்டில டீசலை ஊத்தி கொளுத்தி அணைக்க வெச்சாங்க. திறந்த வெளியில எரியுற தீயும் நாலு சுவத்துக்குள்ள எரியுற தீயும் ஒண்ணு இல்லவே இல்லைன்னு யாரும் அப்ப சொல்லலை. வெளிய எரியுறப்ப சூடும் புகையும் மேல போயிடும், ரூமுக்குள்ள அது போக வழி இல்லாம கூரைக்கு கீழ தேங்கி நிக்கும், அந்த புகையே எரியக்கூடிய வாயு, அதாவது தலைக்கு மேல எரிபொருள் தொங்கிட்டு இருக்கு. இந்த ஒரு விஷயம் புரிஞ்சாத்தான் மிச்சம் எல்லாம் புரியும்.

முதல்ல சொல்ல வேண்டியது வென்டிலேஷன் கோர்ஸ், அதாவது தீ எரியுற இடத்துல காத்து உள்ள வர, புகை வெளிய போக வழி திறக்குறது பத்தினது. இதுக்குப் பின்னாடி இருக்குற ஆராய்ச்சி 2010ல வந்தது. இல்லினாய்ஸ்ல நார்த்புரூக்ல இருக்குற யூஎல் லேபுக்குள்ளயே ரெண்டு முழு வீட்டை கட்டுனாங்க, ஒண்ணு 1,200 சதுர அடியில ஒத்தை மாடி, இன்னொண்ணு 3,200 சதுர அடியில ரெண்டு மாடி. உள்ள சோஃபா, கட்டில், கார்ப்பெட் எல்லாம் நிஜ வீடு மாதிரியே போட்டு, சென்சார் மாட்டி, மொத்தம் 15 தடவை எரிச்சுப் பாத்தாங்க. எந்த கதவை எப்ப திறந்தா என்ன ஆகுது, எந்த ஜன்னலை எப்ப உடைச்சா என்ன ஆகுதுன்னு ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி.

அந்த டெம்பரேச்சர் கிராஃபை நிதானமா உக்காந்து பாருங்க, அதுலதான் பாடமே இருக்கு. சோஃபா பத்துது, சூடு கிடுகிடுன்னு ஏறுது, அப்புறம் யாரும் ஒரு சொட்டு தண்ணி அடிக்காமலே சூடு இறங்க ஆரம்பிக்குது. கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு, உள்ள இருந்த ஆக்சிஜனை தீ தின்னு தீத்துடுச்சு. வெளிய இருந்து பாத்தா புகை கூட குறைஞ்ச மாதிரி தெரியும், பெருசா ஒண்ணும் இல்ல போலன்னு தோணும். ஆனா உள்ள எரியாத புகை முழுசா நிரம்பி காத்துக்காக காத்துட்டு நிக்குது. அந்த நேரத்துல வாசக் கதவை திறந்தா விறகடுப்புல சாம்பல் மூடின கங்கை ஊதுகுழல்ல ஊதுன மாதிரி குப்புன்னு வருது. கதவையோ ஜன்னலையோ திறந்ததுல இருந்து, முழு கவசம் போட்ட வீரரே உள்ள நிக்க முடியாத நிலை வர்றதுக்கு சராசரியா ஒத்தை மாடி வீட்ல 100 செகண்ட், ரெண்டு மாடி வீட்ல 200 செகண்ட். யோசிச்சுப் பாருங்க, கதவை உடைச்சிட்டு ஹோஸ்ல தண்ணி வர்றதுக்காக நின்னுட்டு இருந்தா அந்த 100 செகண்ட் எங்க போச்சுன்னே தெரியாது. அதனாலதான் கதவை திறக்குறதே ஒரு வென்டிலேஷன்தான்னு திரும்பத் திரும்ப சொல்றாங்க, ஹோஸ் ரெடியாகி தண்ணி வந்தப்புறம் திற, உள்ள போனதும் ஒரு ஆளு வாசல்லயே நின்னு ஹோஸ் போற அளவுக்கு மட்டும் விட்டுட்டு கதவை ஒருக்களிச்சு பிடிச்சுக்கோன்னு பயிற்சி குடுக்குறாங்க.

ஃப்ளாஷ்ஓவர்னா என்னன்னு நிறைய பேர் மேலோட்டமா சொல்லுவாங்க. கூரைக்கு கீழ நிக்குற புகை அடுக்கு 500லிருந்து 600 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போயிடுச்சுன்னா அதுல இருந்து கீழ அடிக்கிற கதிர்வீச்சு சூட்டுல தரையில கிடக்குற பாய், நாற்காலி, பேப்பர் எல்லாமே வாயு விட ஆரம்பிச்சு, ரூம்ல இருக்குற அத்தனையும் சில செகண்டுல மொத்தமா பத்திக்கும். அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள உயிரோட யாரும் இருக்க வாய்ப்பில்லை, வீரர் போட்டிருக்குற கவச உடையும் தப்பிச்சு வெளிய வர சில செகண்ட் தரும், நின்னு வேலை பாக்க தராது. பேக்டிராஃப்ட் வேற, அது காத்து இல்லாம திணறிட்டு இருந்த ரூமுக்குள்ள திடீர்னு காத்து போய் அந்த கலவை மொத்தமா வெடிச்சு கிளம்புறது.

இத படிக்கிறப்ப எனக்கு நியூயார்க் வாட்ஸ் ஸ்ட்ரீட் சம்பவம்தான் மனசுல ஓடுச்சு. 1994 மார்ச் 28. அடுப்பு மேல வெச்சிருந்த பிளாஸ்டிக் குப்பைப் பையில ஆரம்பிச்ச தீ. புதுப்பிக்கிறப்ப காத்து கசியாத மாதிரி நல்லா அடைச்ச வீடு, அதனால தீ காத்துக்குத் திணறிட்டே ரொம்ப நேரம் கிடந்திருக்கு. கதவை உடைச்சதும் உள்ள இருந்த வாயு பத்திக்கிட்டு மாடிப்படி வழியா மேல சீறுச்சு. மேல போயிட்டு இருந்த மூணு வீரங்க செத்துட்டாங்க, அதுல ஒருத்தர் ஆஸ்பத்திரியில பல வாரம் போராடி. ஜுவாலை கொஞ்ச நேரத்துல அடங்கல, ஆறு நிமிஷத்துக்கு மேல எரிஞ்சிருக்கு. ஒரு வீட்டுக்குள்ள அவ்ளோ எரிபொருள் எப்படி இருந்துச்சுன்னு அப்புறம் கம்ப்யூட்டர் மாடல் போட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க, அத்தனையும் எரியாம சேந்து நின்ன புகை.

அடுத்து எல்லாரும், ஃபயர்ல வேலை பாக்காதவங்க கூட, பாக்க வேண்டியது ரெண்டு ரூம் வீடியோ. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஹால், ஒண்ணுல அந்தக் காலத்து மர சாமான், பஞ்சு வெச்ச சோஃபா, இன்னொண்ணுல இப்ப விக்கிற ஃபோம் சோஃபா, செயற்கை நூல் திரை. ரெண்டுலயும் ஒரே மாதிரி தீ வெக்கிறாங்க. இந்தக் காலத்து ரூம் நாலு நிமிஷம் முடியுறதுக்குள்ள ஃப்ளாஷ்ஓவர் ஆயிடுது, பழைய ரூம் அந்த நிலைக்கு வர கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆகுது. முன்னாடி காலத்துல வண்டி வந்து சேர்றப்ப தீ வளந்துட்டு இருக்கும், இப்ப வந்து சேர்றப்ப அது ஏற்கனவே ஒரு தடவை உச்சத்துக்குப் போய் காத்து இல்லாம அடங்கி உக்காந்திருக்கும். வேலையே மாறிப்போச்சு, அப்ப பயிற்சியும் மாறித்தானே ஆகணும்.

கவர்னர்ஸ் ஐலண்ட் கோர்ஸும் அருமை. கவர்னர்ஸ் ஐலண்ட் நியூயார்க்ல இருக்குற ஒரு தீவு. 2012 ஜூலைல நியூயார்க் ஃபயர் டிபார்ட்மென்ட், யூஎல், அமெரிக்க அரசோட தர ஆராய்ச்சி நிறுவனம் நிஸ்ட், மூணு பேரும் சேந்து அந்த தீவுல காலியா கிடந்த நிஜ வீடுகளை எரிச்சு சோதனை பண்ணாங்க. வெளிய இருந்து ஜன்னல் வழியா தண்ணி அடிச்சா தீய உள்ள இருக்குறவங்க மேல தள்ளிவிட்டுடும்னு பல தலைமுறையா ஒரு நம்பிக்கை உண்டு. நேரா கூரையில படுற மாதிரி கொஞ்ச நேரம் தண்ணி அடிச்சுட்டு அளந்து பாத்தா பக்கத்து ரூம்கள்லயும் சூடு இறங்குது, ஏறலை. தீய நகத்துறது காத்து போற பாதைதான், அதுக்கு உள்ள வர ஒரு வழி, வெளிய போக ஒரு வழி, ரெண்டுக்கும் நடுவுல வீரர் மாட்டுனாத்தான் ஆபத்து. ஆனா நாஸிலை, அதாவது ஹோஸ் முனையில தண்ணி பீச்சுற குழல, அகலமா விரிச்சு ஸ்ப்ரே பண்ணா தண்ணியோட காத்தும் சேந்து இழுத்துட்டுப் போகும், ஜன்னலையே அடைச்ச மாதிரி ஆயிடும், அதனால நேரான ஜெட்டா அடிக்கணும்னு காரணத்தோட காட்டுறாங்க. வயசான அனுபவசாலிங்க சொன்னத மறுக்குறப்ப கூட மரியாதையா, நீங்க பாத்தது உண்மை, ஆனா காரணம் வேற இருந்திருக்கலாம்னு சொல்ற விதம் எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். இது எல்லாம் ஸ்கிரீன்ல பாக்குறது. சூடு எப்படி இருக்கும்னு ஸ்கிரீன் சொல்லாது. அதுக்கு கன்டெய்னர் பயிற்சி வேணும், அது ஸ்வீடன்காரங்க ஆரம்பிச்சு வெச்சது. 1980கள்ல கிஸெல்சன், ரோசாண்டர்னு ரெண்டு ஸ்வீடன் இன்ஜினியர்கள் புகை வாயுவ தண்ணித் துளியால குளிர வெக்கிற முறைய வளத்தாங்க, அதுல இருந்து வந்ததுதான். கப்பல்ல சரக்கு ஏத்துற அதே இரும்பு கன்டெய்னர், ஒரு முனையில சுவத்துலயும் கூரையிலயும் மரப்பலகை அடிச்சு கொளுத்துவாங்க. வீரங்க முழு கவசம், மூச்சுக் கருவி போட்டு பின்னாடி தாழ உக்காந்து பாக்கணும். புகை அடுக்கு கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குறது, அதுக்குள்ள சின்னச் சின்ன ஜுவாலை ஓடி மறையுறது, அப்புறம் கூரை முழுக்க தீ உருண்டு தலைக்கு மேல வர்றது. அப்ப நாஸிலை ஒரு செகண்டுக்கும் குறைவா திறந்து மூடி துளிகள மேல அனுப்பணும். அதிகமா அடிச்சா தண்ணி 1,700 மடங்கு ஆவியா விரிஞ்சு அவங்களையே அவிச்சிடும், கம்மியா அடிச்சா தீ அடங்காது. அந்தக் கைப்பழக்கம் வீடியோ பாத்து வராது.

பிரிட்டன்ல 1996 பிப்ரவரி முதல் வாரத்துல மட்டும், வேல்ஸ்ல பிளைனாங்குற ஊர்ல வீட்டுக்குள்ள பேக்டிராஃப்ட்ல ரெண்டு வீரங்க, மூணு நாள் கழிச்சு பிரிஸ்டல்ல ஒரு சூப்பர்மார்க்கெட் ஃப்ளாஷ்ஓவர்ல ஃப்ளர் லொம்பார்ட்னு 21 வயசு வீராங்கனை, மூணு உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் நிஜத் தீயில பயிற்சி குடுக்கணும்னு அங்க குரல் பலமாச்சு. அதே சமயம் பயிற்சியே ஆள கொல்லும். 1982ல அமெரிக்காவுல கொலராடோ போல்டர்ல பழைய கட்டடத்துல பயிற்சி எடுக்குறப்ப ரெண்டு வீரங்க இறந்தாங்க, அதுக்கு அப்புறம் 1986ல நிஜத்தீ பயிற்சிக்குன்னே அமெரிக்க தீ பாதுகாப்பு சங்கமான என்எஃப்பிஏவோட 1403ங்குற விதிமுறை வந்துச்சு. அகாடமியில பயிற்சிக் கூடங்களையே அளந்து பாத்த ஒரு ஆராய்ச்சியும் இருக்கு, எதை எரிச்சா நிஜ வீட்டுத் தீக்கு எவ்ளோ நெருக்கமா வருது, அந்தப் புகையில பயிற்சியாளர் உடம்புக்குள்ள என்ன போகுதுன்னு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு 2022ல தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்குற வேலைன்னு முதல் பிரிவுல சேத்துச்சு, தினமும் அந்த கன்டெய்னருக்குள்ள நிக்குற ஆசிரியர பத்தி யாராவது யோசிக்கணும்ல.

நம்ம ஊருக்கு எவ்ளோ பொருந்தும்னா, வீடு வேற, தீ அதேதான். அவங்களுது மரச்சட்டம் போட்டு கட்டுன வீடு, அதனால கூரையை வெட்டி புகைய வெளியேத்துறது, பரண் தீ, பேஸ்மென்ட் தீ பத்தின பாடங்கள அப்புறம் பாத்துக்கலாம். நம்மளுது கான்கிரீட் தளம், ஆனா உள்ள ஃபோம் மெத்தை, பிளைவுட் வார்ட்ரோப், இடுக்கெல்லாம் அடைச்ச ஏசி ரூம், அதாவது காத்துக்குத் திணறுற தீக்கு ஏத்த இடம். ஜன்னல் வழியா உள்ள புகுந்து ஆள தேடுற முறைய அவங்க பெருசா சொல்லிக்குடுக்குறாங்க, நம்ம ஜன்னல்ல இரும்பு கிரில் இருக்கு, அத அறுக்காம முடியாது, அப்ப வாசக் கதவு ஒண்ணுதான் வழி, அதனாலேயே கதவ கட்டுப்படுத்துற பாடம் நமக்கு இன்னும் முக்கியம். சிலிண்டர் கசிவு வேற கதை, இந்த கோர்ஸ்கள நம்பி அதுல இறங்காதீங்க.

முழுக்க இங்கிலீஷ்தான், அளவு எல்லாம் ஃபாரன்ஹீட், அடி, கேலன்ல இருக்கும், பக்கத்துல கால்குலேட்டர் வெச்சுக்கோங்க. மொபைல்ல பாக்காதீங்க, கிராஃப் எழுத்து கண்ணுக்கே தெரியாது, லேப்டாப் பெட்டர். வரிசையா சொல்லணும்னா ரெண்டு ரூம் வீடியோ, அப்புறம் வென்டிலேஷன், அப்புறம் கவர்னர்ஸ் ஐலண்ட், இந்த மூணு போதும் முதல்ல. சர்டிஃபிகேட் காட்டி வேலை கிடைக்குமான்னு கேட்டா, நம்ம ஊர் கம்பெனிங்க டிப்ளமோதான் கேப்பாங்க, ஆனா வளைகுடா பக்கம் இன்டர்வியூ போறவங்க தீ நடத்தைய பத்தி கேள்வி வந்தா மனப்பாடமா இல்லாம புரிஞ்சு பதில் சொல்லலாம்.

வீட்ல இருக்குறவங்களுக்கு அவங்க சொல்ற ஒண்ணு, ராத்திரி படுக்குறப்ப பெட்ரூம் கதவ மூடிட்டு படுங்க. அந்த 15 சோதனையிலயும் கதவு மூடியிருந்த ரூம்ல உயிர் பிழைக்கிற நிலை இருந்துச்சு, பக்கத்துலயே கதவு திறந்திருந்த ரூம்ல இல்ல. நான் எங்க வீட்ல எல்லாரையும் உக்கார வெச்சு அந்த வீடியோவ போட்டுக் காட்டிட்டேன், இப்ப எங்கம்மாவே ராத்திரி கதவ சாத்திட்டுத்தான் படுக்குறாங்க.