விடிய ஐந்து மணிக்கு அளந்து பாருங்கள்: மீன்குள நீர்ச் சோதனையில் மூன்று வருட அனுபவம்

தம்பலகாமத்தில் வயலோரமாகக் கால் ஏக்கரில் குளம் வெட்டி திலாப்பியா வளர்க்கத் தொடங்கி மூன்று வருடமாகிறது. கரைந்த ஒட்சிசன் அளக்கும் மீற்றர், நீர் அமிலமா காரமா என்று காட்டும் பீ.எச். பேனா, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி, நீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க நானே செய்த கறுப்பு வெள்ளைத் தட்டு. இந்த நான்கோடுதான் இவ்வளவு காலமும் ஓடியது.

முதல் வருடம் தினமும் காலை பத்து மணிக்கு, தீன் போடப் போகும்போது அளப்பேன். ஒட்சிசன் லீற்றருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் காட்டும். கொப்பியில் எழுதிவிட்டு நிம்மதியாக வருவேன். கார்த்திகை மாரியில் இரண்டு நாள் வெயிலே இல்லை. மூன்றாம் நாள் விடியுமுன் மனைவி வந்து எழுப்பினாள். "இஞ்சாருங்கோ, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது!" ஓடிப்போய் அளந்தால் 1.2. பம்பி வைத்து நீரை வாரி அடித்தும் பாதி மீன் செத்துவிட்டது.

அளந்த நேரம்தான் பிழை. பச்சை நீரில் இருக்கும் பாசி வெயிலில் ஒட்சிசன் தரும், இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் மூச்சு விடும். அதனால் விடிவதற்குச் சற்று முன்தான் அளவு ஆகக் குறையும். மூட்டமான நாளில் பகலில் சேர்வதே கொஞ்சம். நம் ஊர்ச் சூட்டில், 30 பாகையில், நன்னீர் நிறைவாகப் பிடிப்பதே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். இப்போது ரோச்சோடு ஐந்து மணிக்குப் போகிறேன். 3க்குக் கீழே இறங்கினால் பம்பி ஓடும், அன்று தீன் இல்லை.

ஒட்சிசன் மீற்றரின் குறை அதன் முனையில் இருக்கும் மென்சவ்வு. இரண்டாம் வருடம் கிழிந்தபோது வாங்கிய கடையில் மாற்றுச் சவ்வு இல்லை, மூன்று கிழமை காத்திருந்தேன். வாங்கும்போதே உதிரி ஒன்று சேர்த்து வாங்குங்கள். பீ.எச். பேனாவை நான் கழுவி உலர வைத்தே கெடுத்தேன். முனை எப்போதும் அதற்குரிய சேமிப்புத் திரவத்தில் நனைந்திருக்க வேண்டும். சோதனைப் பெட்டியைப் பம்பிக் கொட்டிலில் வைத்திருந்தேன், கச்சான் காலத்து வெக்கையில் மருந்துகள் நிறம் மாறிவிட்டன. இப்போது வீட்டுக்குள், இருட்டான அலுமாரியில்.

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மட்டும், பீ.எச். ஏறி நிற்கும் பின்னேரத்தில், பீ.எச்.சோடு சேர்த்தே பார்க்கிறேன். பெட்டி காட்டுவது மொத்த அமோனியா. அதில் மீனுக்கு நஞ்சாகும் பங்கு 28 பாகையில் பீ.எச். 7 என்றால் ஒரு வீதம்கூட இல்லை, 9 என்றால் ஏறக்குறைய நாற்பது வீதம். பெட்டியில் ஒரே நிறம்தான் தெரியும், ஆபத்து எவ்வளவோ வேறு.

அப்புறம் காரத்தன்மை. பீ.எச். ஏறி இறங்காமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். இதை நான் ஒன்றரை வருடம் பார்க்கவே இல்லை, இன்றும் மனம் வருந்துகிறது. மாரி வெள்ளம் கலந்த பிறகு சோதித்தால் லீற்றருக்கு 40 மில்லிகிராம்தான், காலையில் 7 ஆக இருந்த பீ.எச். பின்னேரம் 9.2. டொலமைற் என்ற சுண்ணாம்புக்கல் தூளைச் சிறுகச் சிறுகப் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகித்தான் 80க்கு வந்தது, ஏற்ற இறக்கமும் அடங்கியது. மீன் இருக்கும் குளத்தில் சுட்ட சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள், பீ.எச். ஒரேயடியாக ஏறி மீனைக் கொன்றுவிடும்.

தட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை: பெயின்ற் வாளி மூடி, கயிறு, ஒரு கல். நீருக்குள் இறக்கி, தட்டு மறையும் ஆழத்தைப் பார்ப்பேன். 30 முதல் 45 சென்ரிமீற்றர் என்றால் சரி. 25க்குள் மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டது, தீனைக் குறைத்துவிடுவேன்.

பக்கத்து வயல்கார அண்ணன் இந்தப் போகம் குளம் வெட்டியிருக்கிறார். அவருக்குத் தட்டு ஒன்று செய்து கொடுத்துவிட்டேன். மீற்றர் வாங்கும்வரை, என் குளத்தை அளந்த கையோடு விடிய அவருடையதையும் அளந்து வருகிறேன்.