மேட்டா, காயா?

செஸ்ஸில் ஜெயிக்க எது நல்ல வழி: எதிராளியின் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கிச் சீக்கிரமே மேட் வைப்பதா, காய்களை வெட்டி நிதானமாக முன்னேறுவதா? சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் கேரம் ஆடிப் பழகிய பையன்கள் செஸ் போர்டு முன்னால் உட்கார்ந்தால், அந்த அவசரமும் கூடவே வந்து உட்காரும். மூன்றாவது மூவிலேயே ராணி எச்5 கட்டத்துக்கு வந்துவிடும். பிஷப் ஏற்கெனவே சி4-இல் நின்று ராஜாவை ஒட்டிய எஃப்7 சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிராளி அசந்தால் நாலாவது மூவில் மேட். அசராதவன் ஜி6 என்று சிப்பாயைத் தள்ளுவான். அப்புறம் ராணி இடம் தேடி அலையும்; அவன் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கும்.

காய் வெட்டுகிற வழியில் இந்தப் பதற்றம் இல்லை. ராணிக்கு 9, ரூக்குக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3 என்ற கணக்கில் நமக்கு ஒரு குதிரை கூடுதலாக இருந்தாலே போதும். மற்ற காய்களை மாற்றிக்கொண்டே வந்தால், நடுவில் ஒரு சுமாரான மூவ் ஆடிவிட்டாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ரூக்கைத் தப்பான கட்டத்தில் வைத்தார். நம்ம சென்னைப் பையன் குகேஷ் மேட் தேடவில்லை. ரூக்கை மாற்றினார், பிஷப்பை மாற்றினார். மிச்சம், ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். அதற்கே டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

சரி, மேட் கட்சிக்கும் ஆள் இருக்கிறார். 1858-இல் பாரிஸ் ஆப்பெரா அரங்கில் ஆடிய அமெரிக்கர் பால் மார்ஃபி, எட்டாவது மூவில் பி7 சிப்பாயைச் சும்மா எடுத்திருக்கலாம். எடுத்தால் ராணிகள் மாறி ஆட்டம் நீளும். அவர் குதிரையை வெளியே கொண்டுவந்தார். பின்னால் ராணியையே கொடுத்து, 17-ஆவது மூவில் ரூக்கால் மேட் வைத்தார். ஆனால் அவர் முடிவு வரை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பார்க்காமல் கொடுப்பது, கேரமில் ஃபாலோ போடத் தெரியாமல் ரெட் காயைப் பாக்கெட்டில் தள்ளுகிற மாதிரி.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற லீகால் மேட் என்ற பொறி. நம் குதிரையை அசையவிடாமல் எதிராளியின் பிஷப் ஜி4-இல் நிற்கும். பின்னால் ராணி இருக்கிறதே என்று பார்க்காமல் அந்தக் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறோம். பேராசையில் அவன் ராணியை எடுத்தால் பிஷப் எஃப்7-இல் செக், அடுத்து இன்னொரு குதிரை டி5-க்கு வந்து மேட். உஷாராகக் குதிரையை வெட்டினால், நம் ராணி அந்த பிஷப்பை எடுக்கும். நமக்கு ஒரு சிப்பாய் லாபம். அவனுடைய இன்னொரு குதிரை சி6-இல் இருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள், நமக்குத்தான் ஒரு காய் போகும்.

போட்டியில் நாலு மூவில் ஜெயித்தாலும் அறுபது மூவில் ஜெயித்தாலும் ஒரு பாயிண்ட்தான். அதனால் நேரம் நிறைய இருக்கிற ஆட்டத்தில் என் ஓட்டு காய்க்கே. ஐந்து நிமிஷ ஆட்டத்தில் மாற்றி மேட்டுக்கே ஓட்டுப் போடுவேன்: ராஜாவைக் காப்பாற்ற யோசித்தே எதிராளியின் கடிகாரம் தீர்ந்துவிடும். ராணி கூடுதலாக இருக்கிறதே என்று நாம் சாவகாசமாகச் சிப்பாய் பொறுக்கினால் நம் கடிகாரம் தீரும், இல்லாவிட்டால் செக் இல்லாமலே அவனுக்கு ஆட மூவ் இல்லாமல் போய், அதாவது ஸ்டேல்மேட் ஆகி, ஆட்டம் டிராவில் முடிந்து அரை பாயிண்ட் போகும்.