மூன்று படிவமும் ஒரு மாமாவும்: மலேசியாவில் சிகரெட்டை விட்டவர்களை யார் சரியாக எண்ணுகிறார்கள்?

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி. மாணவனாக இருந்த காலத்தில் கைச்செலவுக்காக ஒரு கணக்கெடுப்பு வேலைக்குப் போனேன். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்த மாமா நல்ல மனிதர், உட்கார வைத்து மைலோ கொடுத்தார். தினமும் சிகரெட் பிடிப்பதாக ஒளிக்காமல் சொன்னார். அடுத்த கேள்வி: "கடந்த 12 மாதத்தில் சிகரெட்டை நிறுத்த முயற்சி செய்தீர்களா?"

"இல்ல தம்பி."

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏன் இல்ல? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்தப்ப நாப்பத்தெட்டு நாள் தொடவே இல்லையே!"

மாமா சிரித்தார். "அது விரதம். விடுறது வேற."

எதில் டிக் போடுவது என்று தெரியாமல் விழித்தேன். சாயங்காலம் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் வாயால் என்ன சொன்னாரோ அதையே எழுது என்றார். "இல்லை" என்று போட்டேன். ஒருவர் 48 நாள் ஒரு சிகரெட்கூடத் தொடாமல் இருந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

நம் நாட்டில் யார் புகைக்கிறார்கள், யார் விடுகிறார்கள் என்று பார்க்க முக்கியமாக மூன்று ஆய்வுகள் இருக்கின்றன. பத்திரிகைகள் மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடிக்கின்றன. எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாமா ஞாபகம் வருவார். எந்தப் படிவம் அவரை எப்படிப் பிடித்திருக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.

முதலில் நம் சொந்த ஆய்வு. சுகாதார அமைச்சின் கீழுள்ள பொதுச் சுகாதாரக் கழகம் நடத்தும் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு. எல்லாரும் என்எச்எம்எஸ் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். 1986இல் தொடங்கியது, அப்புறம் 1996, 2006 என்று பத்தாண்டுக்கு ஒரு தடவை வந்தது, 2011க்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தது. புள்ளிவிவரத் துறை நாட்டைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே சில வீடுகளைப் பொறுக்கி, வீட்டில் தகுதியுள்ள எல்லாரையும் கேட்கிறார்கள். 2015இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 22.8 விழுக்காட்டினர் புகைப்பதாக வந்தது. ஆண்களில் 43 விழுக்காடு, பெண்களில் 1.4. 2019இல் மொத்தம் 21.3 ஆனது.

இதன் பலம் அளவுதான். 2015இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்கள் புகைப்பழக்கப் பகுதிக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் பினாங்குக்குத் தனி எண், கெடாவுக்குத் தனி எண் என்று மாநில வாரியாகப் பிரிக்க முடிகிறது. பினாங்கில் சுகாதார வேலை பார்ப்பவருக்கு நாட்டின் சராசரி சோறு போடாது, நம் மாநிலத்து எண்தான் வேண்டும்.

ஆனால் வீட்டில் எல்லாரையும் கேட்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகளின் ஹாலை நினைத்துப் பாருங்கள். அப்பா நாற்காலியில், அம்மா தரையில் துணி மடித்துக்கொண்டு, பதினேழு வயசுப் பையன் சுவரில் சாய்ந்து நிற்கிறான். "நீ சிகரெட் பிடிப்பாயா?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? மருமகள் என்ன சொல்வாள்? தனியாகக் கேட்க வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எழுநூறு சதுர அடி பிளாட்டில் தனி என்பது எங்கே இருக்கிறது? பெண்களின் எண் ஆண்டாண்டாக ஒன்றையே சுற்றிக்கொண்டிருப்பதை நான் முழுசாக நம்புவதில்லை. பிடிப்பவர்கள் குறைவு என்பது உண்மை. எவ்வளவு குறைவு என்பதை ஹாலில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு அவர்களே ஒரு மாற்று வழியும் வைத்திருக்கிறார்கள். இளையோருக்கான ஆய்வைப் பள்ளியில் நடத்துகிறார்கள், பெயர் எழுதத் தேவையில்லை, பிள்ளைகளே பதிலைக் குறிக்கிறார்கள். 2022இல் வந்த எண்ணைப் பாருங்கள்: சிகரெட் 6.2 விழுக்காடு, வேப் என்ற மின்சிகரெட் 14.9 விழுக்காடு. வீட்டு ஹாலில் இது இவ்வளவு தெளிவாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது காட்ஸ். உலகப் பெரியவர் புகையிலை ஆய்வு என்று தமிழில் சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் சேர்ந்து வடிவமைத்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. மலேசியாவில் 2011இலும் 2023இலும் நடந்தது. இதில் வீட்டுக்கு ஒருவரை மட்டுமே கேட்பார்கள், அது யார் என்பதைக் கையிலிருக்கும் கருவி குலுக்கிப் போடும். கருவி மருமகளைத் தேர்ந்தெடுத்தால் மருமகள்தான். அவர் வேலைக்குப் போயிருந்தால் திரும்ப வர வேண்டும், மாமியாரைக் கேட்டு நிரப்ப முடியாது.

2011இல் 4,250 பேர் பதில் சொன்னார்கள். 23.1 விழுக்காட்டினர் புகைத்தார்கள், அதாவது சுமார் 4.7 மில்லியன் பேர். ஆண்கள் 43.9, பெண்கள் 1. புகைத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதற்கு முந்தைய ஓராண்டில் விட முயன்றதாகச் சொன்னார்கள். 2023இல் புகைப்பவர் விகிதம் 19 விழுக்காட்டுக்கு இறங்கியது.

நாலு புள்ளி இறங்கியிருக்கிறது, கை தட்டலாம். தட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. இன்றைக்கு 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 25 மில்லியனைத் தாண்டிவிட்டார்கள். அதில் 19 விழுக்காடு என்றால் மறுபடியும் 4.8 மில்லியன் பக்கம் வந்து நிற்கிறது. விகிதம் குறைந்தது, தலைகள் குறையவில்லை. புகைப்பவரில் சிலர் செத்துப்போயிருக்கலாம். இளசுகள் சிகரெட்டைத் தொடாமல் நேராக வேப்புக்குப் போயிருக்கலாம். 2011 காட்ஸில் வேப் 0.8 விழுக்காடு, 2023இல் 5.8. இத்தனைக்கும் நடுவில் உண்மையிலேயே விட்டவர் எத்தனை பேர்? பன்னிரண்டு வருஷ இடைவெளியில் வெவ்வேறு ஆட்களை எடுத்த இரண்டு படங்கள் அதைச் சொல்லாது.

நம்மவர்களுக்கு இன்னொரு குறை. 4,250 பேரில் இந்தியர் சுமார் 7 விழுக்காடு என்று வைத்தால் 300 பேர். பாதி ஆண்கள், 150. அதில் மூன்றில் ஒருவர் புகைக்கிறார் என்றால் 50. அந்த 50 பேரில் ஒரு வருஷத்தில் விட்டவர் இரண்டு பேரா நாலு பேரா என்று பார்த்துவிட்டு "மலேசிய இந்தியர் அதிகம் விடுகிறார்கள்" என்று கட்டுரை எழுதினால் அது ஜோசியம். வாட்ஸ்அப்பில் இந்த மாதிரிச் செய்தி வந்தால் நான் திறப்பதுகூடக் கிடையாது.

காட்ஸின் உண்மையான பயன் பக்கத்து நாட்டோடு வைத்துப் பார்ப்பது. தாய்லாந்து, வியட்நாம், இந்தியா எல்லாவற்றிலும் இதே கேள்வி கேட்டிருக்கிறார்கள். மெல்லும் புகையிலை பற்றியும் கேட்கிறார்கள். வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகிய நம் பாட்டிமாருக்காவது அது பொருந்தும். இதைத் தாண்டி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது மாமாவைத் தை மாதத்தில் கொண்டு வாருங்கள். விரதத்தில் இருக்கிறார், நெற்றியில் விபூதி. கருவி அவரையே தேர்ந்தெடுக்கிறது. "தற்போது தினமும் புகைக்கிறீர்களா, எப்போதாவதா, இல்லவே இல்லையா?" இல்லவே இல்லை. "முன்பு?" தினமும். "நிறுத்தி எவ்வளவு நாள்?" மூன்று வாரம். முடிந்தது, மாமா முன்னாள் புகைப்பவர் ஆகிவிட்டார். ஆகஸ்டில் போனால் அதே மாமா தினசரிப் புகைப்பவர், முயற்சியே செய்யாதவர். மனிதர் ஒருவர், படிவமும் ஒன்று, மாதம் மட்டும் வேறு. ரமலானில் பகலெல்லாம் சிகரெட் இல்லாமல் இருக்கும் மலாய்க்காரர்களையும் சேர்த்து யோசித்தால், ஆய்வுக்குழு எந்த மாதம் படியேறியது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

மூன்றாவது ஆய்வு இங்கே பினாங்கிலிருந்தே நடந்தது. பலருக்கு இது தெரியாது. மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய நச்சுயியல் மையம் இருக்கிறது. பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் மருத்துவர்கள் போன் போட்டுக் கேட்கும் இடம். அந்த மையத்து ஆய்வாளர்கள்தான் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2005இல் ஐடிசி என்ற பன்னாட்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஆய்வை மலேசியாவில் தொடங்கினார்கள். தாய்லாந்திலும் கூடவே நடந்தது. முதல் சுற்றில் சுமார் 2,000 புகைப்பவர்கள்.

இதன் சூத்திரம் எளிது: அதே ஆளிடம் திரும்பப் போவது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து அதே கதவைத் தட்டி, போன தடவை தினமும் பன்னிரண்டு சிகரெட் என்று சொன்னீர்களே, இப்போது எப்படி என்று கேட்பது. மாமாவை இந்தப் படிவம் தப்ப விடுவது கஷ்டம். தை மாதத்தில் வந்து "இல்லை" என்று எழுதிக்கொண்டு போனாலும், அடுத்த சுற்றில் சாம்பல் தட்டு திரும்ப வந்திருப்பது தெரிந்துவிடும். விட்டார், திரும்பினார் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடுவது என்றால் என்னவென்று புரிகிறது.

எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று ஒரு கேள்வி இதில் முக்கியம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பல நாடுகளில் இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிய வந்தது இதுதான்: விட வேண்டும் என்ற எண்ணமும் முன்பு முயன்ற அனுபவமும் ஒருவரை மறுபடி முயல வைக்கின்றன. முயற்சி நிலைப்பது அவர் நிக்கோட்டினுக்கு எவ்வளவு அடிமை என்பதைப் பொறுத்தது. கண்ணைத் திறந்ததும் தீப்பெட்டி தேடுபவருக்கு ஆசை மட்டும் போதாது. ஒரே தடவை எடுத்த படத்தில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

மறதியும் ஒரு பிரச்சினை. ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் தாங்கிய முயற்சிகள் சில மாதத்தில் நினைவிலிருந்து போய்விடுகின்றன. ஆறு மாதத்துக்கு முன் திங்கட்கிழமை காலையில் பாக்கெட்டைக் குப்பையில் போட்டு, செவ்வாய் சாயங்காலம் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கியது யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆக 12 மாதத்தைக் கேட்கும் எந்தப் படிவமும் முயற்சியைக் குறைத்தே காட்டும். ஐடிசியும் இதற்கு விலக்கில்லை. அடிக்கடி வருவதால் சேதம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சட்டம் வேலை செய்ததா என்று பார்ப்பதற்கும் இதுதான் தோது. 2009இல் பெட்டியில் அழுகிய கால், கருகிய நுரையீரல் படங்கள் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் சுற்றுகள் நடந்திருந்ததால், எழுத்து மட்டும் இருந்த பெட்டியைப் பார்த்த அதே ஆள் படத்தைப் பார்த்ததும் என்ன செய்தார் என்று கேட்க முடிந்தது. 2015 நவம்பரில் ஒரு குச்சிக்கான வரி 40 சென்னாக ஏறி, பெட்டி 17 ரிங்கிட்டுக்குப் போனது. கள்ளச் சிகரெட் அதற்கப்புறம் இன்னும் கொழித்தது. விலை ஏறியதும் விட்டவர் யார், மலிவுப் பெட்டிக்குத் தாவியவர் யார் என்பதை அதே ஆளைக் கேட்டால்தான் தெரியும். 2019 ஜனவரி முதல் தேதி சாப்பாட்டுக் கடைகளில் தடை வந்தது. நாசி கண்டார் கடை வாசலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் நகர்ந்தது. புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதுதான் சட்டம் எண் 852, 2024 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்து வேப்பையும் பிடித்தது. இதற்கெல்லாம் முன்-பின் கணக்கு வேண்டும்.

எனவே என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்று கேட்டால் என்எச்எம்எஸ். தாய்லாந்தோடு போட்டி போட வேண்டுமென்றால் காட்ஸ். விட்டார்களா என்று கேட்டால் மற்ற இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஆளைத் தொடரும் ஆய்வைத்தான் எடுப்பேன். மூன்று எண்ணையும் ஒரே கோட்டில் கோர்த்து "குறைகிறது, குறைகிறது" என்று படம் போடுவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. வேப்புக்கு 2016இல் தனியாக ஒரு தேசிய ஆய்வு நடந்து 3.2 விழுக்காடு வந்தது. 2019 என்எச்எம்எஸ்ஸில் 4.9. முதலாவது 18 வயதுக்கு மேல், இரண்டாவது 15க்கு மேல். ஏறியது உண்மையாகவே இருக்கலாம். எவ்வளவு ஏறியது என்று சொல்ல முதலில் அந்த மூன்று வயதைக் கழிக்க வேண்டும். 22.8இலிருந்து 21.3க்கு இறங்கியதற்கும் இதே எச்சரிக்கை. ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளி முன்னே பின்னே ஆடக்கூடியது.

ஆளைத் தொடரும் ஆய்வுக்குச் செலவு அதிகம், சுற்றுகளுக்கு நடுவே இடைவெளியும் விழும். எல்லாவற்றையும்விடப் பெரிய நோவு, ஆட்கள் தொலைந்துபோவது. வாடகை வீடு மாறுகிறார்கள், பிரீபெய்ட் நம்பர் மாற்றுகிறார்கள், பையன்கள் வேலைக்குச் சிங்கப்பூர் போய்விடுகிறார்கள். போனவர்களுக்குப் பதில் புதியவர்களைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பலாம். போனவர் விட்டாரா இல்லையா என்ற பதில் அவரோடு போய்விடுகிறது.

போன வருஷம் அந்த பிளாட் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். இந்தத் தடவை லிப்ட் ஓடியது. ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்தவர் எனக்குத் தெரியாத ஒரு பெண். மாமாவும் அத்தையும் மகனோடு சிம்பாங் அம்பாட் பக்கம் போய்விட்டார்களாம். நம்பர் கேட்டேன். பழைய நம்பர்தான் இருக்கிறது, கூப்பிட்டால் போவதில்லை என்றார்.