ஆன்லைன் மனு தளங்கள்: கூடலூர் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்பீடு

தேனி மாவட்டம் கூடலூரில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சேவையும் நடத்துகிறேன். நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பம் தாண்டி, லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற கூடலூர். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, பி.எஃப். என்று வருகிறவர்களோடு கொஞ்ச வருஷமாக வேறொரு கூட்டமும் கடைக்கு வருகிறது. போனை நீட்டி, "இந்த லிங்க்ல எனக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா" என்பார்கள். முல்லைப் பெரியாறு அணை, பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம், அமேசான் காட்டுத் தீ, எங்கோ நடக்கும் போர் என்று எல்லாவற்றுக்கும் மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அதிகாலையில் ஜீப் ஏறிக் கேரளத்து வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள். அவர்கள் தங்கள் பெயரை நம்பிக் கொடுக்கிறார்கள். அதற்கு இந்தத் தளங்கள் என்ன திருப்பித் தருகின்றன என்று யாராவது எழுத வேண்டும். அதனால்தான் இது.

முதலில் பயன்படுத்த எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெயர், மெயில் ஐடி, நாடு. சில இடங்களில் ஊர்ப் பெட்டி ஒன்றும் இருக்கும், நிரப்பாமல் விட்டாலும் போகும். மெயில் ஐடி வைத்திருப்பவருக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இல்லாதவருக்கு அங்கேயே நின்றுவிடும். எங்கள் தெருவில் நெல் போடும் ஒரு பெரியவர் அணைக்காகக் கையெழுத்துப் போட வந்தார். மெயில் ஐடி இல்லை. புதிதாகத் தொடங்கினால் ஓடிபி வேண்டும், அவர் ஆதாரோடு சேர்த்த நம்பர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் பேரன் கையில். பேரனுக்குப் போன் போட்டு, ஷிப்ட் முடிந்து அவன் ஓடிபி சொல்லி, ஒருவழியாகக் கையெழுத்து ஏறியது. அடுத்த நொடியே திரையில் பணம் கேட்டது. இந்த மனு இன்னும் பலரைச் சென்றடைய இவ்வளவு ரூபாய் தாருங்கள் என்று மூன்று தொகை, நடுத்தொகை முன்கூட்டியே டிக் ஆகியிருந்தது. பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து ரூபாய் நோட்டை எடுத்துவிட்டார். மனுவுக்குக் கட்டணம் என்று நினைத்துவிட்டார். வேண்டாம் பெரியப்பா, இது கட்டாயமில்லை என்று தடுத்தேன்.

இந்தப் பண விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய மனு தளங்களில் கையெழுத்துக்குப் பிறகு கேட்கும் தொகை பெரும்பாலும் அந்த மனுவை மற்றவர்களுக்கு விளம்பரமாகக் காட்டுவதற்குத்தான் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கோ வழக்குச் செலவுக்கோ போவதில்லை. 2007இல் அமெரிக்காவில் தொடங்கிய சேஞ்ச்.ஆர்க் இந்த வழியில் இயங்குகிறது. அதே 2007இல் தொடங்கிய ஆவாஸ், அரசிடமும் கம்பெனிகளிடமும் கை நீட்டாமல் தனிநபர்களின் சிறு நன்கொடையில் நடப்பதாகச் சொல்கிறது. இரண்டும் ஒளிக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழில் தெளிவாக, பெரிய எழுத்தில், பொத்தானுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். கூலி வேலை செய்கிறவர்களிடம் போய்ச் சேரும் பக்கத்தில் இதைச் செய்யாதது பெரிய குறை.

இனி, வேலைக்கு ஆகுமா என்ற கேள்வி.

ஆகும் என்பதற்கு எங்களுக்கு மேலேயே சாட்சி இருக்கிறது. கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூடிய ஆலையை 1983 வாக்கில் மலைக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு அது இந்துஸ்தான் யூனிலீவர் கைக்கு வந்தது. 2001இல் ஊருக்குள் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடப்பதை மக்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் வெளியே கொண்டுவந்த பிறகு ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. நாங்கள் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போகிற இடம்.

அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு உண்டு என்றார்கள், கம்பெனி மறுத்தது. வழக்கு, மறியல், மருத்துவக் குழு என்று பதினைந்து வருஷம் ஓடியது. 2015 ஜூலை கடைசியில் இதைப் பற்றி ஒரு ராப் பாட்டு வீடியோ வந்தது. கூடவே ஜட்கா என்ற இந்திய அமைப்பின் ஆன்லைன் மனு. அந்த மனு பொதுவாக "நீதி வேண்டும்" என்று யாரிடமும் கேட்கவில்லை. யூனிலீவரின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மன் என்ற ஒரே ஆளைப் பெயர் சொல்லிக் கேட்டது. வீடியோ உலகம் முழுக்கப் பரவியது, அந்த மனிதர் ட்விட்டரில் பதில் சொல்லும்படி ஆயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது.

இந்த வெற்றியை மனு தளத்தின் கணக்கில் மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. கையில் மருத்துவச் சீட்டோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையிறங்கிச் சென்னை போய் வந்த தொழிலாளர்கள் இல்லாவிட்டால் அந்த வீடியோவுக்கே பொருள் இருந்திருக்காது. ஆனால் பதினைந்து வருஷம் அவர்கள் தட்டிய கதவு அந்தச் சில மாதங்களில் திறந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. தளம் நன்றாக வேலை செய்தது. யாரிடம் கேட்கிறோம், யார் கேட்கிறார்கள் என்ற இரண்டும் அதில் துலக்கமாக இருந்தன.

இந்த இரண்டில் ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் ஊரே சாட்சி.

பெரியாறு அணை 1895இல் கட்டி முடிந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை அதே தண்ணீர்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை பாதுகாப்பாக இருக்கிறது என்றது. 2014 மே 7இல் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. 2021 ஜனவரியில் ஐ.நா. பல்கலைக்கழக நிறுவனம் ஒன்று உலகத்தின் பழைய அணைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, அதில் இந்த அணையையும் உதாரணமாகக் காட்டியது. அந்த அக்டோபரில் கேரளாவில் மழை கொட்ட, அணையை உடைக்கச் சொல்லும் ஹேஷ்டேக் கிளம்பியது. மலையாள நடிகர்கள் பகிர்ந்தார்கள், ஆன்லைன் மனுக்கள் முளைத்தன. அப்போதைய கேரள முதல்வர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில் எழுந்து, வீண் பீதி கிளப்பினால் சட்டப்படி நடவடிக்கை என்று சொல்லவேண்டி வந்தது. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு மறுபடியும் அதே அலை.

அணைக்குக் கீழே வண்டிப்பெரியாரிலும் உப்புத்தறையிலும் இருப்பவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். குமுளியிலிருந்து என் கடைக்கு வருகிற ஒரு சேச்சியின் அம்மா வீடு ஆற்றங்கரையில்தான். மழை பிடித்தால் அவர் கண்ணில் தூக்கமிருக்காது. அவர் கையெழுத்து எனக்கு மதிப்பானது. ஆனால் அந்த மனுப் பக்கத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடினால் கிடைக்கமாட்டார். துபாயிலிருந்து போட்டவர், லண்டனிலிருந்து போட்டவர், நடிகர் சொன்னார் என்று போட்டவர் எல்லோரும் ஒரே எண்ணிக்கைக்குள். எங்கள் பக்கத்து எதிர்மனுவிலும் அதே கதைதான். ஓடிபிக்காகப் பேரனுக்குக் காத்திருந்தாரே அந்தப் பெரியவர், பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்ம ஊரு பேரு இதுல எங்கம்மா வருது?" எங்கேயும் வரவில்லை. அவர் பெயருக்கு எதிரே "இந்தியா" என்று இருந்தது.

ஊர் தெரியாத எண்ணிக்கை ஊருக்குள் என்ன செய்யும் என்று எல்லைக்காரர்களுக்குத் தெரியும். 2011 டிசம்பரில் அணைச் சண்டை முற்றிக் குமுளிப் பாதை அடைபட்டது. தோட்டத்துக்குப் போனவர்கள் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள், பல குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தன. அன்றிலிருந்து அணை பற்றி எந்த லிங்க் சூடுபிடித்தாலும் முதலில் கலங்குவது ஜீப்பில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான். எங்கோ இருந்து ஒரு விரலைத் தட்டியவருக்கு அந்த நாளின் கூலி போகாது.

தளம் நடத்துகிறவர்கள் இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தைப் பாருங்கள். அந்த நாட்டுக் குடிமக்களும் அங்கே வசிப்பவர்களும் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம், அஞ்சல் குறியீடு கேட்கும், எந்தத் தொகுதியில் எத்தனை கையெழுத்து என்று வரைபடமாகவே காட்டும். 10,000 கையெழுத்து வந்தால் அரசு பதில் தரும், ஒரு லட்சம் வந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றிப் பரிசீலிப்பார்கள். 2019இல் பிரெக்ஸிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதை, நிறுத்தச் சொன்ன மனுவுக்கு 60 லட்சத்துக்கும் மேல் வந்து, விவாதமும் நடந்து, அரசு மறுத்துவிட்டது. வரைபடம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. யார் எங்கிருந்து கேட்கிறார்கள் என்று கேட்கப்படுகிறவருக்கும் மற்றவர்களுக்கும் தெரிகிறது, எனக்கு அது போதும். பின்கோடு கேட்டு, அணைக்குக் கீழே எத்தனை பேர், பாசனப் பரப்பில் எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று பிரித்துக் காட்ட ஒரு தளத்துக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

எண்ணிக்கையைவிட, மனுவில் சொல்லும் சேதி பெரிது என்பதை நம் நாட்டிலேயே பார்த்துவிட்டோம். 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற இணையச் சமநிலை பற்றி 20 கேள்விகளோடு கருத்துக் கேட்டது. 'சேவ் தி இன்டர்நெட்' இயக்கத்தின் பக்கம் அந்தக் கேள்விகளுக்குப் பதில்களைத் தயார் செய்து கொடுத்தது, மக்கள் தங்கள் சொந்த மெயிலிலிருந்தே அனுப்பினார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. அந்த டிசம்பரில் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக ஒரே வாசகத்தை லட்சக்கணக்கானோர் பெயரில் அனுப்பவைத்தபோது, கேட்ட கேள்விக்கு இது பதிலில்லை என்று டிராய் திருப்பிச் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8இல், பார்க்கும் தளத்தைப் பொறுத்து இணையத்துக்கு வேறு வேறு விலை வைக்கிற பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது. ஒரு கசப்பும் உண்டு: மெயில் அனுப்பியவர்களின் முகவரிகளை டிராய் அப்படியே தன் இணையதளத்தில் போட்டுவிட்டது. அதனால் என் கடைக்கு வருகிறவர்களுக்கு மனுவுக்கென்று தனி மெயில் ஐடி தொடங்கித் தருகிறேன், வங்கிக் கணக்கோடு சேர்ந்த ஐடியைக் கொடுக்கவிடுவதில்லை.

உலகப் பிரச்சினைகளுக்கான மனுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேனீயைக் கொல்லும் நியோனிக் வகைப் பூச்சிமருந்துகளுக்கு எதிராக ஆவாஸ் 20 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் மூன்று மருந்துகளைக் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்த வயலில் அடிக்கவே தடை போட்டது. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஏலப்பூ காய் பிடிக்கத் தேனீ வேண்டும் என்று தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்றான இமிடாகுளோப்ரிட் நம் ஊர் உரக்கடைகளில் இன்றும் கிடைக்கிறது. முடிவெடுக்கும் இடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் என்றால் பலனும் முதலில் அங்கேதான் இறங்கும். இங்கே அதே கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் மத்திய வேளாண் அமைச்சகம்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மறைந்து கிடக்கும் விஷயத்தை உலகத்துக்குக் காட்டும் வேகத்துக்கு இரண்டு. கம்பெனிகளைப் பெயர் சொல்லிக் கேட்க வழி செய்வதற்கு ஒன்று. ஊரை மறைப்பதற்கும், தமிழில் விளக்காமல் பணம் கேட்பதற்கும் மீதி இரண்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு என் யோசனை இது. மனு யாருக்கு என்று முதல் வரியில் பாருங்கள். "உலகத் தலைவர்கள்", "அனைத்து மக்கள்" என்றிருந்தால் நேரத்தை மிச்சப்படுத்துங்கள். கருத்துப் பெட்டி இருந்தால் ஊர், எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், என்ன வேலை என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள், நான் தட்டித் தருகிறேன். பக்கத்தில் பிரச்சினை என்றால் மனு தளத்தோடு நிறுத்தாமல் முதல்வரின் உதவி எண் 1100க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள், அல்லது பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒப்புகைச் சீட்டை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை ரேஷன் கார்டோடு வீட்டில் வையுங்கள், இன்னொன்றைச் சங்கத்தில் கொடுங்கள்.